காலின் திடீர் இரத்த ஓட்டத் தடைக்கான அறுவை சிகிச்சையின் வரலாறு

காலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனி எதிர்பாராத வகையில் அடைபட்டு, கால் பிழைக்குமா என்பதே ஐயமாகிவிடும் அவசர நிலை, காலின் திடீர் இரத்த ஓட்டத் தடை எனப்படுகிறது. அறிகுறிகள் தொடங்கி இரண்டு வாரங்களுக்கு உட்பட்ட தடையையே மருத்துவர்கள் இந்தப் பெயரால் குறிக்கின்றனர். பல ஆண்டுகளாகத் தமனி மெல்ல மெல்லச் சுருங்குவதால் வரும் நாட்பட்ட நோய் இதிலிருந்து வேறானது. நாட்பட்ட நோயில், சுற்றியுள்ள சிறு நாளங்கள் விரிந்து மாற்று வழியாகப் பணிபுரிய உடலுக்குக் கால அவகாசம் கிடைக்கிறது. திடீர்த் தடையில் அந்த அவகாசம் இல்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இந்நிலைக்கு மருத்துவம் அளித்த விடை பெரும்பாலும் காலை வெட்டி எடுப்பதாகவே இருந்தது. அடைப்பை நீக்கிக் காலைக் காப்பாற்றலாம் என்ற எண்ணம் செயலுக்கு வந்தது 1895க்குப் பிறகுதான். அது நம்பகமான சிகிச்சையாக மாற மேலும் 60 ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

நோயின் இயல்பு

திடீர்த் தடைக்கு முதன்மையான காரணங்கள் மூன்று. முதலாவது, வேறோர் இடத்தில் உருவான இரத்தக் கட்டி இரத்த ஓட்டத்தில் அடித்துவரப்பட்டுக் காலின் தமனியில் சிக்கிக்கொள்வது. இவ்வாறு நகர்ந்து வந்து அடைக்கும் கட்டி எம்போலஸ் எனப்படுகிறது. பெரும்பாலும் இது இதயத்தில் உருவாகிறது. இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற நிலையில், இரத்தம் அங்கே தேங்கி உறைகிறது. மாரடைப்பால் செயலிழந்த இதயச் சுவரின் உட்புறத்திலும், ருமாட்டிக் காய்ச்சலால் சுருங்கிய ஈரிதழ் வால்வுக்குப் பின்புறத்திலும் இவ்வாறே கட்டி உருவாகலாம். இரண்டாவது காரணம், கொழுப்புப் படிவால் ஏற்கெனவே குறுகியிருந்த தமனியிலேயே இரத்தம் உறைந்து அதை முழுமையாக அடைத்துவிடுவது. இது திராம்போசிஸ் எனப்படுகிறது. மூன்றாவது, விபத்திலோ போரிலோ தமனி காயமடைவது.

நகர்ந்து வரும் கட்டி பெரும்பாலும் தமனி கிளை பிரியும் இடத்தில் சிக்குகிறது. கிளை பிரிந்ததும் குழாயின் விட்டம் சட்டெனக் குறைவதே இதற்குக் காரணம். தொடை இடுக்கில் தொடைத் தமனி இரண்டாகப் பிரியும் இடமும், முழங்காலுக்குப் பின்னால் உள்ள தமனி பிரியும் இடமும் இவ்வாறு அடிக்கடி அடைபடுகின்றன.

அறிகுறிகள் ஆறு: கடும் வலி, தோல் வெளிறுதல், நாடித்துடிப்பு மறைதல், கால் சில்லிட்டுப்போதல், உணர்ச்சி குறைதல், அசைவு இழத்தல். இவற்றுள் கடைசி இரண்டும் நரம்பும் தசையும் சாகத் தொடங்கிவிட்டதைக் காட்டுகின்றன. இரத்தமின்றி ஒவ்வொரு திசுவும் தாங்கும் காலம் வேறுபடுகிறது. நரம்பு முதலில் பாதிக்கப்படுகிறது. தசை ஏறத்தாழ 6 மணி நேரம் தாங்கும் எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. தோல் அதைவிட நெடுநேரம் தாங்கக்கூடியது. எனவே வெளித்தோற்றத்தில் உயிருள்ளதாகத் தெரியும் காலின் உள்ளே தசைகள் ஏற்கெனவே இறந்திருக்கலாம். இந்த 6 மணி நேரக் கணக்கே இச்சிகிச்சையின் வரலாறு முழுவதையும் வடிவமைத்தது எனலாம்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய காலம்

அழுகிய காலை வெட்டி எடுப்பது பழங்காலம் முதலே வழக்கத்தில் இருந்தது. வெட்டிய இடத்தில் பெருகும் இரத்தத்தை நிறுத்தப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவது ஐரோப்பியப் போர்க்கள மருத்துவர்களின் முறை. 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் அம்புரோய்ஸ் பாரே, சுடுவதற்கு மாற்றாகத் தமனியை நூலால் கட்டும் முறையைக் கால் துண்டிப்பில் பயன்படுத்தினார். இது நோயாளியின் உயிரைக் காக்கும் முன்னேற்றம். ஆனால் காலைக் காப்பாற்றுவது அதன் நோக்கமன்று.

காலின் முதன்மைத் தமனி இல்லாமலும் கால் உயிர்வாழ முடியும் என்பதை 1785இல் இலண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் காட்டினார். முழங்காலுக்குப் பின்னால் தமனி பலூன்போல் வீங்கியிருந்த ஒரு குதிரைவண்டி ஓட்டுநருக்கு, வீக்கத்துக்கு வெகு மேலே தொடையில் தமனியைக் கட்டினார். கால் அழுகவில்லை. சுற்றியிருந்த கிளை நாளங்கள் விரிந்து இரத்தத்தைக் கீழே கொண்டுசென்றன. மாற்றுவழி இரத்த ஓட்டம் என்ற இக்கருத்து மருத்துவத்தில் ஆழமாக வேரூன்றியது. ஆனால் கிளை நாளங்கள் விரியாத நிலையில் திடீரெனத் தமனி அடைபட்டால் இதே பலனை எதிர்பார்க்க முடியாது. இந்த வேறுபாட்டின் விலை பிற்காலப் போர்க்களங்களில்தான் முழுமையாகத் தெரியவந்தது.

திடீர்த் தடைக்கான காரணத்தை விளக்கியவர் செருமானிய நோயியல் அறிஞர் ருடால்ஃப் விர்கோ. அதுவரை, நுரையீரல் தமனியிலோ காலின் தமனியிலோ காணப்படும் அடைப்பு அங்கேயே ஏற்பட்ட அழற்சியின் விளைவு எனக் கருதப்பட்டது. 1840களில் பெர்லினில் பிணக்கூறு ஆய்வுகளையும் விலங்குச் சோதனைகளையும் மேற்கொண்ட விர்கோ, ஓரிடத்தில் உருவான கட்டி பிய்ந்து இரத்தத்தில் மிதந்து சென்று வேறோர் இடத்தை அடைக்க முடியும் என நிறுவினார். திராம்போசிஸ், எம்போலிசம் என்ற சொற்களை மருத்துவ வழக்கில் நிலைநிறுத்தியவரும் அவரே. தமனியே நோயுற்றிருந்தால் மருத்துவர் செய்யக்கூடியது குறைவு. ஆனால் நல்ல தமனிக்குள் வெளியிலிருந்து வந்த ஒரு பொருள் சிக்கியிருந்தால், அதை எடுத்துவிடலாம். அறுவை சிகிச்சைக்கான அடிப்படைச் சிந்தனை இவ்விளக்கத்தில் இருந்து பிறந்தது.

முதல் முயற்சிகள்

1895இல் ஒடேசா நகரில் இவான் சபனேயெவ் என்ற அறுவை மருத்துவர் தொடைத் தமனியைத் திறந்து கட்டியை எடுக்க முயன்றார். எம்போலஸ் அகற்றலுக்கான முதல் முயற்சியாகப் பதிவாகியுள்ள இது வெற்றி பெறவில்லை. அக்காலத்தில் திறந்த தமனியை மீண்டும் மூடுவதே பெரும் சிக்கலாக இருந்தது. தையல் போட்ட இடத்தில் இரத்தம் கசியும். கசியாவிட்டால் அங்கேயே உறைந்து புதிய அடைப்பை உண்டாக்கும்.

இச்சிக்கலுக்கான தீர்வு பிரான்சின் லியோன் நகரில் இருந்து வந்தது. 1894இல் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சாடி கார்னோ அந்நகரில் கத்தியால் குத்தப்பட்டார். வயிற்றினுள் பெரிய சிரை ஒன்று அறுந்து அவர் இறந்தார். அறுந்த நாளத்தைத் தைக்க அன்றைய மருத்துவர்களுக்கு வழி தெரியவில்லை. அப்போது அந்நகரில் மருத்துவ மாணவராக இருந்த அலெக்சிஸ் கரேல், பட்டுக்கும் பூத்தையலுக்கும் பெயர்பெற்ற லியோனின் தையற்கலைப் பெண் ஒருவரிடம் மெல்லிய ஊசியையும் நூலையும் கையாளக் கற்றார். 1902இல் அவர் வெளியிட்ட முறையில், வெட்டுண்ட நாளத்தின் வட்டமான விளிம்பில் சம இடைவெளியில் மூன்று தையல்கள் போடப்படும். அவற்றை இழுத்துப் பிடித்தால் வட்டம் முக்கோணமாகும். நேரான ஒவ்வொரு பக்கத்தையும் எளிதாகத் தைத்துவிடலாம். இரத்த நாளத் தையலுக்கும் உறுப்பு மாற்று ஆய்வுகளுக்கும் 1912இல் கரேலுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

1911இல் பாரிசில் ஜார்ஜ் லபே தொடைத் தமனியைத் திறந்து எம்போலசை அகற்றித் தைத்து மூடினார். கால் பிழைத்தது. எம்போலஸ் அகற்றலின் முதல் வெற்றியாக இதுவே குறிப்பிடப்படுகிறது. அடுத்த ஆண்டு சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் ஐனார் கேய் இதே அறுவையில் வெற்றி கண்டார். கேய் ஒரு வெற்றியோடு நிற்கவில்லை. தொடர்ந்து இவ்வறுவையைச் செய்தும், சுவீடனின் பிற மருத்துவர்கள் செய்தவற்றைத் தொகுத்தும், அடைப்பு ஏற்பட்ட நேரத்துக்கும் அறுவை நேரத்துக்கும் இடையிலான இடைவெளியையே முடிவைத் தீர்மானிக்கும் காரணியாக எடுத்துக்காட்டினார். முதல் சில மணி நேரத்தில் செய்தால் கால் பிழைக்கும் வாய்ப்பு உண்டு, நேரம் கடந்தால் அவ்வாய்ப்பு விரைந்து தேய்கிறது என்பதே அவர் வலியுறுத்திய பாடம்.

அகற்றிய பின்னும் அடைபட்ட தமனிகள்

லபே, கேய் ஆகியோரின் வெற்றிக்குப் பின்னரும் அடுத்த பல ஆண்டுகளுக்கு இவ்வறுவை பரவலாகவில்லை. காரணங்கள் இரண்டு.

ஒன்று, எம்போலஸ் சிக்கிய இடத்துக்குக் கீழே இரத்தம் தேங்குகிறது. தேங்கிய இரத்தம் உறைந்து, கெண்டைக்கால் வரை வால்போல் நீள்கிறது. தொடை இடுக்கில் உள்ள கட்டியை மருத்துவர் எடுத்துவிடுவார். கீழே நீண்டிருக்கும் வால் அங்கேயே தங்கிவிடும். அதை எடுக்கப் பல வழிகள் முயலப்பட்டன. காலைக் கீழிருந்து மேலாகப் பிழிந்தார்கள். உறிஞ்சு குழாய்களையும், திருகுச் சுருள் போன்ற கம்பிகளையும் உள்ளே செலுத்தினார்கள். கணுக்கால் அருகே தமனியைத் திறந்து நீரைப் பீய்ச்சி மேல்நோக்கித் தள்ளினார்கள். இவற்றால் தமனியின் உட்சுவர் சேதமடைவதும், கட்டியின் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடுவதும் வழக்கம். பல இடங்களில் கீறித் தமனியைத் திறந்து தேட வேண்டியிருந்ததால் அறுவை பல மணி நேரம் நீடித்தது. நோயாளிகளோ பெரும்பாலும் கடும் இதய நோய் உள்ளவர்கள். நீண்ட மயக்கமருந்தையும் இரத்த இழப்பையும் அவர்களின் இதயம் தாங்கவில்லை.

இரண்டாவது, சுத்தமாக்கிய தமனியிலும் இரத்தம் மீண்டும் உறைந்தது. இதற்கான தீர்வு ஓர் ஆய்வகத்தில் எதிர்பாராமல் கிடைத்தது. 1916இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஹோவெல் என்ற உடலியங்கியல் பேராசிரியரிடம் ஆய்வு செய்த மாணவர் ஜே மக்லீன், இரத்தத்தை உறையச் செய்யும் பொருள்களைத் தேடிக்கொண்டிருந்தார். ஈரலில் இருந்து அவர் பிரித்தெடுத்த ஒரு சாறு அதற்கு நேர்மாறாக உறைதலைத் தடுத்தது. இந்த ஆய்வை ஹோவெல் தொடர்ந்தார். ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து ஹெப்பாரின் என்ற பெயர் வந்தது. தூய்மையற்ற நிலையில் அதை மனிதருக்குச் செலுத்த இயலவில்லை. 1930களில் கனடாவின் டொராண்டோவில் சார்லஸ் பெஸ்ட் குழுவினரும், சுவீடனில் எரிக் யோர்ப்பஸ் என்பவரும் தூய ஹெப்பாரினை உருவாக்கினர். டொராண்டோவில் கார்டன் மர்ரே, ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் ஆகிய அறுவை மருத்துவர்கள் அதை நோயாளிகளுக்குப் பயன்படுத்தினர்.

ஹெப்பாரின் இருக்கும் கட்டியைக் கரைப்பதில்லை. கட்டி மேலும் நீள்வதையும் புதிய கட்டி உருவாவதையும் அது தடுக்கிறது. இதனால் மருத்துவருக்கு முதன்முறையாகச் சிறிது நேரம் கிடைத்தது. இன்றும் திடீர் இரத்த ஓட்டத் தடை என ஐயம் எழுந்தவுடன், வேறு தடையில்லாவிட்டால், முதலில் ஹெப்பாரின் செலுத்தப்படுகிறது.

போர்க்களப் பாடங்கள்

இரண்டாம் உலகப் போரில் தமனி காயமடைந்த படைவீரர்களுக்குப் பெரும்பாலும் ஹன்டர் காலத்து முறையே பின்பற்றப்பட்டது. தமனியை நூலால் கட்டிவிட்டு, மாற்றுவழி நாளங்கள் காலைக் காக்கும் என நம்பினர். 1946இல் மைக்கேல் டிபேக்கி, ஃபியோரிண்டோ சிமியோனி ஆகியோர் அமெரிக்கப் படையின் 2,471 தமனிக் காயங்களின் விவரங்களை வெளியிட்டனர். தமனி கட்டப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் கை அல்லது காலை இழந்திருந்தனர். தமனி தைக்கப்பட்டவர்கள் வெறும் 81 பேர். அவர்களில் உறுப்பு இழப்பு 36 விழுக்காடு. திடீரெனத் தமனி அடைபடும்போது மாற்றுவழி நாளங்களை நம்ப முடியாது என்பதை இவ்வெண்கள் உணர்த்தின. ஆயினும் காயம்பட்டவர் மருத்துவமனையை அடையப் பல மணி நேரம் ஆகும் போர்ச்சூழலில், தையலைப் பொது விதியாக்க முடியாது என அவ்விருவரும் கருதினர்.

1950இல் தொடங்கிய கொரியப் போரில் நிலைமை மாறியது. ஹெலிகாப்டர்கள் காயமடைந்தவர்களைப் போர்முனைக்கு அருகில் இருந்த நடமாடும் அறுவை மருத்துவமனைகளுக்கு விரைந்து கொண்டுவந்தன. இரத்தமும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளும் கிடைத்தன. இளம் அறுவை மருத்துவர்கள் தமனிகளைத் தைத்தும், சிரைத் துண்டுகளை ஒட்டிணைத்தும் சரிசெய்தனர். தமனி சீரமைக்கப்பட்டவர்களில் உறுப்பு இழப்பு ஏறத்தாழ 13 விழுக்காடாகக் குறைந்தது. தையல் நுட்பம் கரேலின் காலம் முதலே இருந்தது. நோயாளியை உரிய நேரத்தில் மருத்துவரிடம் சேர்த்ததே புதிது.

அதே காலத்தில் ஐரோப்பாவில் வேறு இரு அறுவைகள் தோன்றின. லிஸ்பனில் ஜோவாவ் சிட் டோஸ் சாண்டோஸ், தமனியின் உட்சுவரில் படிந்த அடைப்பை உரித்தெடுக்கும் முறையை 1940களின் பிற்பகுதியில் அறிமுகப்படுத்தினார். 1948இல் பாரிசில் ஜான் குன்லின், நோயாளியின் காலில் இருந்தே ஒரு சிரையை எடுத்து, அடைபட்ட பகுதிக்கு மேலும் கீழும் இணைத்து மாற்றுப்பாதை அமைத்தார். இவை நாட்பட்ட நோய்க்காக உருவானவை. எனினும் குறுகிய தமனியில் இரத்தம் உறைந்து ஏற்படும் திடீர்த் தடையில், கட்டியை மட்டும் எடுப்பது போதாதபோது இவையே கைகொடுத்தன.

ஃபோகார்ட்டியின் பலூன்

கட்டியின் வாலை எடுக்கும் சிக்கலைத் தீர்த்தவர் தாமஸ் ஃபோகார்ட்டி. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் சின்சினாட்டி நகரில் 1934இல் பிறந்தவர். சிறுவயதிலேயே தந்தையை இழந்த அவர், பள்ளி நாள்களிலேயே உள்ளூர் மருத்துவமனை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, கருவிகளைக் கழுவுவதில் தொடங்கி அறுவை அரங்க உதவியாளரானார். அங்கு பணியாற்றிய இரத்த நாள அறுவை மருத்துவர் ஜாக் கிரான்லி அவரை ஊக்குவித்து மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார். எம்போலஸ் அகற்றும் நீண்ட அறுவைகளையும், அவற்றுக்குப் பின் நோயாளிகள் காலையோ உயிரையோ இழப்பதையும் ஃபோகார்ட்டி அரங்கில் நின்று பார்த்திருந்தார்.

அவர் கண்ட வழி எளிமையானது. காற்று இறங்கிய சிறு பலூன் ஒன்றை மெல்லிய குழாயின் நுனியில் பொருத்த வேண்டும். புதிய கட்டி மென்மையானது. எனவே குழாயை அதன் ஊடாகவே மறுபுறம் வரை செலுத்தலாம். பிறகு பலூனை உப்புநீரால் விரித்துப் பின்னோக்கி இழுத்தால், கட்டி முழுவதும் பலூனுக்கு முன்னால் தள்ளப்பட்டு வெளியே வரும். சிறுநீர் நாளத்துக்கான குழாயையும், மிகச் சிறிய அளவு ரப்பர் கையுறையின் விரல் நுனியையும் அவர் எடுத்துக்கொண்டார். இரண்டையும் ஒட்டக்கூடிய பசை கிடைக்கவில்லை. தூண்டிலுக்குப் பூச்சி வடிவ இரை கட்டும் கலையில் பழகிய கைகளால், பலூனை நூலால் சுற்றிக் கட்டினார்.

1961இல் கிரான்லி இதை முதன்முதலில் நோயாளிக்குப் பயன்படுத்தினார். மருத்துவ இதழ்கள் உடனே ஏற்கவில்லை. தமனியின் உட்சுவரைத் தொடுவதே ஆபத்து என்ற கருத்து அப்போது வலுவாக இருந்தது. 1963இல் கட்டுரை வெளியானது. கருவி தயாரிக்கும் நிறுவனங்களும் தொடக்கத்தில் ஆர்வம் காட்டவில்லை. ஃபோகார்ட்டி பயிற்சி பெற்ற ஒரிகன் பல்கலைக்கழகத்தில், செயற்கை இதய வால்வை உருவாக்கிய ஆல்பர்ட் ஸ்டார் என்பவர், தம்முடன் பணியாற்றிய பொறியாளர் லோவெல் எட்வர்ட்சிடம் இக்கருவியைக் கொண்டுசேர்த்தார். எட்வர்ட்சின் நிறுவனம் அதைத் தயாரித்தது. 1969இல் காப்புரிமை கிடைத்தது.

இந்தக் கருவியால் அறுவையின் தன்மையே மாறியது. தொடை இடுக்கில் ஒரே ஒரு சிறு கீறல் போதும். அங்கிருந்து மேலே வயிற்றுப் பகுதித் தமனி வரையிலும், கீழே கெண்டைக்கால் வரையிலும் குழாயைச் செலுத்தலாம். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து இதை முடித்துவிடலாம் என்பதே முதன்மையான நன்மை. முழு மயக்கத்தைத் தாங்க இயலாத இதய நோயாளிகளுக்கும் இவ்வாறு சிகிச்சை கிடைத்தது. உடலின் உள்ளே பலூனை விரித்து வேலை செய்யலாம் என்று இக்கருவி காட்டியது. தமனியை விரிக்கவும், இதய நாளங்களைச் சீராக்கவும் பிற்காலத்தில் வந்த பல சிகிச்சைகளுக்கு இது முன்னோடியாயிற்று.

பலூனுக்கும் வரம்புகள் உண்டு. அளவுக்கு மீறி விரித்தால் தமனியின் உட்சுவர் உரியும், சில வேளைகளில் தமனி கிழியும். ஆகவே பலூனை விரிப்பவரே குழாயை இழுக்க வேண்டும், உராய்வைக் கையால் உணர்ந்து அழுத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும் என்பது அறுவைப் பயிற்சியில் கற்பிக்கப்படும் விதி. கொழுப்புப் படிவால் குறுகிக் கடினமான தமனியில் பலூன் மட்டும் போதாது.

இரத்தம் திரும்பிய பின்

பலூன் வந்த பிறகு புதிய சிக்கல் ஒன்று தெளிவாகத் தென்பட்டது. நெடுநேரம் இரத்தமின்றி இருந்த காலுக்கு இரத்தம் திரும்பியதும், கால் சிவந்து சூடாகும். நாடித்துடிப்பு கிடைக்கும். ஆனால் சில மணி நேரத்தில் நோயாளியின் இதயம் நின்றுவிடும், அல்லது சில நாள்களில் சிறுநீரகம் செயலிழக்கும்.

இதன் காரணம் ஓரளவு முன்பே அறியப்பட்டிருந்தது. 1941இல் இலண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளுக்குள் கால் நசுங்கிக் கிடந்து மீட்கப்பட்டவர்கள், முதலில் தேறியதுபோல் தோன்றிப் பின்னர் சிறுநீரகச் செயலிழப்பால் இறப்பதை எரிக் பைவாட்டர்ஸ் விவரித்திருந்தார். இறந்த தசைகளில் இருந்து பொட்டாசியமும் அமிலங்களும் மயோகுளோபின் என்ற தசைப் புரதமும் இரத்தத்தில் கலக்கின்றன. பொட்டாசியம் இதயத்தின் துடிப்பைக் குலைக்கிறது. மயோகுளோபின் சிறுநீரகத்தைப் பாதிக்கிறது. 1960இல் நியூயார்க்கின் ஹென்றி ஹைமோவிசி, தமனி அடைப்புக்குப் பின்னும் இதே விளைவு நிகழ்வதைச் சுட்டிக்காட்டினார்.

காலிலேயே வேறோர் ஆபத்தும் உண்டு. இரத்தம் திரும்பியதும் தசைகள் வீங்குகின்றன. கெண்டைக்கால் தசைகள் விரிந்து கொடுக்காத நார்ப்படலத்தால் நான்கு அறைகளாகச் சூழப்பட்டவை. அறைக்குள் அழுத்தம் ஏறினால் நுண்நாளங்கள் நசுங்கி, திரும்பிய இரத்த ஓட்டம் மீண்டும் தடைபடும். இறுக்கமான கட்டுகளால் கையின் தசைகள் இறந்து சுருங்குவதை 1881இல் செருமனியின் ரிச்சர்ட் ஃபோன் ஃபோல்க்மன் விவரித்திருந்தார். இதற்குத் தீர்வு, நார்ப்படலத்தை நீளவாக்கில் கீறித் திறந்துவிடுவது. காலின் இரு பக்கங்களிலும் கீறி நான்கு அறைகளையும் திறக்கும் முறை 1970களில் நிலைபெற்றது. தடை நெடுநேரம் நீடித்திருந்தால், வீக்கம் வரும்வரை காத்திராமல் அதே அறுவையிலேயே இதையும் செய்துவிடுவது வழக்கமாயிற்று.

1978இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் பிளெய்ஸ்டெல், அதுவரை வெளியான அறிக்கைகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, நோயாளிகளில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தது தெரியவந்தது. இறந்துவிட்ட காலுக்கு இரத்தத்தைத் திருப்புவது நோயாளியையே பலிகொள்ளக்கூடும் என அவர் எச்சரித்தார். எல்லா நோயாளிக்கும் உடனடி அறுவை என்ற வழக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கி, அதிக அளவு ஹெப்பாரினை முதன்மைச் சிகிச்சையாகப் பரிந்துரைத்தார்.

கட்டியைக் கரைக்கும் முறை

தமனியைத் திறக்காமலே கட்டியைக் கரைக்கும் முயற்சிக்கும் நீண்ட வரலாறு உண்டு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நுண்ணுயிரிகள் உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் பொருளைச் சுரப்பதை 1933இல் வில்லியம் டில்லெட் கண்டறிந்தார். அது பிற்காலத்தில் ஸ்ட்ரெப்டோகைனேஸ் எனப்பட்டது. 1974இல் ஒரிகனின் கதிரியல் மருத்துவர் சார்லஸ் டாட்டர், மெல்லிய குழாய் வழியாகக் கட்டிக்கு உள்ளேயே சிறிதளவு மருந்தைச் செலுத்தும் முறையை வெளியிட்டார். பின்னர் யூரோகைனேஸ் போன்ற மருந்துகள் பயன்பாட்டுக்கு வந்தன.

அறுவையா, கரைப்பு மருந்தா என்ற கேள்விக்கு விடை காண 1990களில் ஒப்பீட்டு ஆய்வுகள் நடந்தன. 1994இல் அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரில் 114 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், ஓராண்டு முடிவில் கால் காப்பாற்றப்பட்ட விழுக்காடு இரு குழுவிலும் ஒன்றாக, 82ஆக இருந்தது. ஆனால் கரைப்பு மருந்து பெற்றவர்களில் 84 விழுக்காட்டினரும், அறுவை பெற்றவர்களில் 58 விழுக்காட்டினரும் உயிருடன் இருந்தனர். 1998இல் வெளியான, 544 நோயாளிகளைக் கொண்ட டோபாஸ் ஆய்வில் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. ஆறு மாத முடிவில் காலை இழக்காமல் உயிர்வாழ்ந்தோர் மருந்துக் குழுவில் 71.8 விழுக்காடு, அறுவைக் குழுவில் 74.8 விழுக்காடு. பெரும் இரத்தப்போக்கு மருந்துக் குழுவில் 12.5 விழுக்காடாகவும், அறுவைக் குழுவில் 5.5 விழுக்காடாகவும் இருந்தது. மருந்து பெற்றவர்களில் சிலருக்கு மூளையில் இரத்தம் கசிந்தது.

இம்முடிவுகள் எந்த ஒரு முறையையும் வெற்றியாளராக அறிவிக்கவில்லை. யாருக்கு எவ்வளவு நேரம் மிச்சமிருக்கிறது என்பதைப் பொறுத்தே முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று. கரைப்பு மருந்து வேலை செய்யப் பல மணி நேரம், சில வேளைகளில் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். உணர்ச்சியும் அசைவும் கெடாத காலுக்கு அந்த அவகாசம் உண்டு. அசைவு குறையத் தொடங்கிய காலுக்கு இல்லை. ராபர்ட் ரூதர்ஃபோர்ட் தலைமையில் உருவாகி 1997இல் திருத்தப்பட்ட வகைப்பாடு இதையே அடிப்படையாகக் கொண்டது. முதல் வகையில் காலுக்கு உடனடி ஆபத்து இல்லை. இரண்டாம் வகையின் முதற்பிரிவில் விரல்களில் மட்டும் உணர்ச்சி குறைந்திருக்கும். அதன் அடுத்த பிரிவில் உணர்ச்சியிழப்பு மேலும் பரவி, அசைவும் குறையத் தொடங்கியிருக்கும். இவர்களுக்கு உடனடியாக இரத்த ஓட்டத்தை மீட்க வேண்டும். மூன்றாம் வகையில் உணர்ச்சியும் அசைவும் முற்றிலும் போய், தசைகள் விறைத்திருக்கும். இவர்களுக்குக் காலை அகற்றுவதே உயிர் காக்கும் சிகிச்சை.

இக்காலம்

மேலை நாடுகளில் ருமாட்டிக் இதய நோய் குறைந்ததால், இளம் வயதில் எம்போலசால் பாதிக்கப்படுவோர் அங்கே அரிதாகிவிட்டனர். இப்போது பெரும்பாலோர் முதியோர். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், நீரிழிவு, புகைப்பழக்கம், தமனிக் கொழுப்புப் படிவு ஆகியவை அவர்களிடம் சேர்ந்தே காணப்படுகின்றன. இந்தியாவில் ருமாட்டிக் இதய நோய் இன்னும் நீடிப்பதால், ஈரிதழ் வால்வுச் சுருக்கமுள்ள இளைஞர்களுக்கும் இந்த ஆபத்து உள்ளது. 2020இல் கோவிட் 19 தொற்றின் முதல் அலையில், இத்தாலியின் லொம்பார்டிப் பகுதி மருத்துவர்கள் இந்நோய் வழக்கத்தைவிட அதிகரித்ததையும், கட்டியை அகற்றிய பின்னும் மீண்டும் உறைவதையும் பதிவுசெய்தனர்.

தற்போது எக்ஸ் கதிர்த் திரையில் பார்த்தபடி பலூனைக் கம்பி வழியே செலுத்துவதும், கட்டியை உறிஞ்சி எடுப்பதும், அதே அமர்வில் குறுகிய இடத்தை விரித்து ஸ்டென்ட் வைப்பதும் சாத்தியமாகியுள்ளன. அறுவை அரங்கும் கதிரியல் அரங்கும் ஒன்றாக இணைந்த கூடங்களில் இவை செய்யப்படுகின்றன. அறுவை முடிந்தாலும் சிகிச்சை முடிவதில்லை. கட்டி எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டறிந்து, உறைதல் தடுப்பு மருந்தைத் தொடராவிட்டால் அடுத்த கட்டி மற்றொரு காலுக்கோ மூளைக்கோ செல்லக்கூடும்.

கருவிகள் மாறினாலும் தசை தாங்கும் நேரம் மாறவில்லை. இன்றும் கால்களை இழப்பவர்களில் பலர், திடீர்க் கால்வலியைச் சுளுக்கு, நரம்புப் பிடிப்பு, வாயு எனக் கருதி வீட்டில் காத்திருந்தவர்கள், அல்லது நாடித்துடிப்பு பார்க்கப்படாமல் வலிமருந்துடன் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். ஒரு கால் மட்டும் திடீரென வலித்து, வெளிறி, சில்லிட்டுப்போனால் அது மருத்துவ அவசரநிலை. பாதத்தின் மேற்புறத்தில் விரல் வைத்து நாடித்துடிப்பைத் தேடுவதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. மற்றக் காலில் துடிப்பு இருந்து, வலிக்கும் காலில் இல்லையெனில், ஐனார் கேய் வலியுறுத்திய நேரக்கணக்கு அப்போதே தொடங்கிவிட்டது என்று பொருள்.